முதுகில் மஞ்சள் கொம்பு: தாண்டிக்குடி முதல் கூக்கால் வரை ஐந்து நாள்

முதல் நாள்: வத்தலக்குண்டு, பட்டிவீரன்பட்டி, தாண்டிக்குடி

மே முதல் வாரம். பட்டிவீரன்பட்டியைத் தாண்டிப் பழனி மலையின் வளைவுகள் ஏற ஏற வெக்கை இறங்கிக்கொண்டே வருகிறது. காபி பூத்து முடிந்துவிட்டது. செடியில் மிளகளவுக்குப் பிஞ்சு. காபியைப் பூக்க வைக்கும் கோடை மழையான பூமழை விழுந்து பத்து நாளுக்குள் தோட்டமே வெள்ளையாகப் பூத்து, மூன்று நான்கு நாளில் உதிர்ந்துவிடும். அந்த நான்கு நாளுக்காகத்தான் இங்கே பாதித் தோட்டங்களில் தேனீப்பெட்டி நிற்கிறது.

இந்தப் பயணத்தில் பார்க்க வந்தது தேனை அல்ல, பெட்டிக்கு மேலே நிழல் மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆர்க்கிட்டை. ‘தேனீ வளர்த்தால் அரிய ஆர்க்கிட் பிழைக்கும்’ என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். சில ஆர்க்கிட்டுக்கு அது உண்மை, சிலவற்றுக்குச் சம்பந்தமே இல்லை. பெட்டியை வைக்கும் விதம் தப்பினால் கெடுதலும் உண்டு.

முதலில் பெட்டி. இந்த மலைக்கு நம்ம ஊர் அடுக்குத் தேனீதான். காட்டுப் பொந்தில் வாழ்வதும் பெட்டியில் வாழ்வதும் அதே இனம். அதனால் புதிதாக ஒரு பூச்சியைக் காட்டுக்குள் விடுகிறோம் என்ற பயம் இல்லை. இத்தாலியத் தேனீ அதிகத் தேன் தரும் என்று யாராவது கொண்டுவரச் சொன்னால் சோலை ஓரத்தில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். பெரிய குடும்பம், பெரிய பசி. நோயும் கூடவே வரும்.

இங்கே புழங்குவது நியூட்டன் பெட்டி. கீழே புழு அறையில் தேனீ அடை கட்டுவதற்கு 7 மரச்சட்டம், மேலே உயரம் குறைந்த தேன் அறை. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே 7 முதல் 9 மில்லிமீட்டர் சந்து இருக்க வேண்டும். தச்சர் கண்ணளவில் அடித்த பெட்டியில் முதலில் தப்புவது இதுதான். சந்து கூடினால் தேனீ குறுக்கே அடை கட்டும், சட்டத்தை உருவ முடியாது. குறைந்தால் தேனீ நுழைய முடியாத அந்த இடுக்கில் மெழுகுப்புழு குடியேறும். அடுக்குத் தேனீ பிசின் வைத்து ஓட்டை அடைக்கிற ஜாதி இல்லை. மரம் கோணி விரிசல் விட்டால் நாம்தான் அடைக்க வேண்டும்.

வாசல் கிழக்கே பார்த்து, காற்று நேராக அடிக்காத பக்கம், மதிய வெயிலுக்கு நிழல். பெட்டிக்குப் பெட்டி ஆறடி. தாங்கியின் காலில் தண்ணீர்க் கிண்ணம், எறும்புக்காக. அந்தக் கிண்ணம் கோடையில் இரண்டு நாளில் வற்றிவிடும். வற்றிய ராத்திரியே எறும்பு ஏறும், காலையில் பெட்டி காலி. தேனீ ஓடிப்போய்விட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் முதலில் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும். காட்டுமாடு உரசும் பாதையில் வைத்தால் கிண்ணம், தாங்கி எதுவும் மிஞ்சாது.

இரண்டாம் நாள்: தாண்டிக்குடி, தோட்டத்துக்குள்

இன்று முழுக்க ஒரே பலா மரத்தடி.

மரத்தின் கவட்டில், மட்கிய இலை சேர்ந்த இடத்தில் சிம்பிடியம் அலோயிஃபோலியம் என்ற ஆர்க்கிட். இலை தடித்து, வார்போல வளைந்திருக்கும். பூங்கொத்து கீழ்நோக்கி இரண்டடி நீளம் தொங்குகிறது. மங்கலான மஞ்சள் இதழின் நடுவே கருஞ்சிவப்புப் பட்டை. இது அரிதான செடி இல்லை, அடிவாரம் வரை இருக்கிறது. ஆனால் தேனீக்கும் ஆர்க்கிட்டுக்கும் நடக்கும் கொடுக்கல் வாங்கலைக் கண்ணால் பார்க்க இதைவிட வசதியான பூ இந்த மலையில் இல்லை. அடுக்குத் தேனீ இதற்கு மகரந்தம் கடத்துவது ஆய்வில் பதிவான விஷயம்.

காலை எட்டரைக்கு வெயில் கொத்தின் மேல் விழுகிறது. தேனீ ஒன்று வந்து உதடு போன்ற கீழிதழில் இறங்குகிறது. சிவப்புக் கோடுகள் வழிகாட்ட, தலையை உள்ளே நுழைத்துத் தேடுகிறது. உள்ளே ஒரு சொட்டுத் தேன் கிடையாது. பின்னால் நகரும்போது கதை நடக்கிறது. கீழிதழுக்கு மேலே வளைந்து நிற்கும் தூணின் நுனி அதன் முதுகில், இறக்கை முளைக்கும் இடத்துக்கு நடுவில் சரியாக உரசுகிறது. நுனியில் சின்ன மூடி, மூடிக்குள் இரண்டு மஞ்சள் மகரந்த உருண்டை, அடியில் ஒரு பசைத்தட்டு. பசை முதுகில் ஒட்ட, மூடி கழல, தேனீ இரண்டு மஞ்சள் கொம்போடு வெளியே வருகிறது. காலால் துடைத்துப் பார்க்கும். அந்த இடத்துக்குக் கால் எட்டாது. அடுத்த பூவில் இதேபோல நுழைந்து பின்வாங்கினால், தூணின் அடிப்பக்கக் குழியில் இருக்கும் பிசுபிசுப்பு, முதுகில் உள்ள உருண்டையை இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான், காய் பிடித்துவிட்டது.

மற்ற பூக்களில் மகரந்தம் பொடி. கொஞ்சம் உதிரும், கொஞ்சம் சேரும். ஆர்க்கிட்டில் மொத்தமும் ஒரே பொட்டலம். பொட்டலம் சேர்ந்தால் ஒரு காயில் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் லட்சக்கணக்கில் விதை. வழியில் தொலைந்தால் அந்தப் பூவின் மகரந்தம் மொத்தமும் போச்சு.

தோட்டத்தில் வேலை செய்கிறவர் ஒருவர் கேட்டார்: “பூச்சி முதுகுல மஞ்சளா கொம்பு மொளைச்சிருக்கே, சீக்காண்ணே?” சீக்கு இல்லை. பெட்டியின் வாசல் பலகையில் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை பத்துப் பத்து நிமிடமாக உட்கார்ந்து பார்த்தால் கொம்போடு திரும்பும் தேனீயை எண்ணலாம். உங்கள் பெட்டி ஆர்க்கிட்டுக்கு வேலை செய்கிறதா என்பதற்கு இதைவிட மலிவான சோதனை கிடையாது.

இனி சிக்கலுக்கு வருவோம். தேன் தராமல் ஏமாற்றும் பூ இது. உலகத்து ஆர்க்கிட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான் பிழைக்கிறது. பல நாட்டுக் கணக்குகளைத் தொகுத்துப் பார்த்ததில் தேன் தரும் ஆர்க்கிட்டில் சுமார் 37 சதவீதப் பூ காய் பிடிக்கிறது, தராததில் சுமார் 20 சதவீதம்தான். காரணம் எளிது. நாலைந்து பூவில் ஏமாந்த தேனீ அதன்பின் அந்தப் பக்கம் வருவதில்லை. ஏமாறுவதற்குப் புதுத் தேனீ வந்துகொண்டே இருக்க வேண்டும். வேலைக்காரத் தேனீ கூட்டுக்குள் சுமார் மூன்று வாரம் வேலை பார்த்த பிறகே வெளியே பறக்கிறது. அதனால் பூ விரியும் காலத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பு பொரிந்த தேனீதான் இந்தப் பூவுக்கு ஆள். அதாவது ஏப்ரல் தொடக்கத்தில் புழு அறை நிறைந்திருந்தால் மே மாதம் சிம்பிடியத்துக்குப் புதுமுகம் கிடைக்கும். காபித் தேன் எடுக்கும் ஆசையில் புழு அறைச் சட்டத்தையும் சேர்த்துப் பிழிந்தவருடைய பெட்டியில் இப்போது கைப்பிடித் தேனீதான் மிஞ்சும். தேனும் அடுத்த முறைக்கு இல்லை, ஆர்க்கிட்டுக்கும் ஆள் இல்லை.

இன்னொன்று, பூக்கும் வரிசை. காபி பூத்திருக்கும்போது தேனீ வேறெதையும் திரும்பிப் பார்க்காது. ஒரே பூவைப் பிடித்துக்கொண்டு சுற்றுவது அதன் குணம். காபி முடிந்து மழைப் பூக்கள் தொடங்கும் முன் இருக்கும் இந்தப் பஞ்ச காலத்தில்தான் அது கிடைத்த கதவையெல்லாம் தட்டுகிறது. சிம்பிடியம் பூத்திருப்பதும் இந்த இடைவெளியில். ஆனால் இதே நேரத்தில்தான் வளர்ப்பவர்கள் சர்க்கரைப்பாகு வைக்கிறார்கள். பஞ்சத்தில் வைக்காமலும் முடியாது, கூட்டம் ஓடிவிடும். எங்கள் யோசனை இது: தேன் இருப்பைப் பார்த்து, இரண்டு சட்டத்தின் மேல் விளிம்பிலாவது மூடிய தேன் இருந்தால் பாகு வேண்டாம். இல்லையென்றால் வாரம் ஒரு முறை, 200 கிராம் சர்க்கரைக்கு அதே அளவு தண்ணீர், பொழுது சாய்ந்த பிறகு, பெட்டிக்குள்ளேயே. பகலில் வைத்தால் பக்கத்துப் பெட்டித் தேனீ கொள்ளையடிக்க வரும், சண்டையில் இரண்டு கூட்டமும் நாசம். வெளியே ஒரு சொட்டுச் சிந்தினாலும் அதே கதிதான்.

ஜப்பானில் இந்த உறவைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கே கின்ரியோஹென் என்று தொட்டியில் வளர்க்கும் ஒரு சிம்பிடியம், சிம்பிடியம் ஃப்ளோரிபண்டம், அடுக்குத் தேனீ பேசிக்கொள்ளும் வாசனைப் பொருள்களையே வெளியிடுகிறது. பிரிந்து போகும் கூட்டமே அதை நாடி வந்து மொய்க்கும். அதனால் காலிப் பெட்டிக்குப் பக்கத்தில் பூத்த தொட்டியை வைத்துக் கூட்டம் பிடிப்பது அங்கே பழக்கம். இத்தாலியத் தேனீ அந்த வாசனைக்கு மயங்குவதில்லை. நம்ம ஊர் சிம்பிடியத்துக்கு அந்த வித்தை இருப்பதாக நினைத்துப் பலா மரத்தடியில் பெட்டியோடு காத்திருக்க வேண்டாம்.

மூன்றாம் நாள்: பண்ணைக்காடு, ஊத்து, பெருமாள்மலை, செண்பகனூர்

பண்ணைக்காட்டுப் பக்கம் நிழல் கவாத்து நடக்கிறது. மழைக்கு முன் கிளை கழித்து வெளிச்சம் விடுவது காபிக்குத் தேவை. ஆனால் தரையில் கிடக்கும் கிளையைப் புரட்டிப் பாருங்கள். டென்ட்ரோபியம், ஈரியா, பெயர் தெரியாத குட்டிக் கிழங்குகள், எல்லாம் விறகோடு போகின்றன. இந்த மலையின் தோட்டப் பகுதியில் ஆர்க்கிட் குறைவதற்குத் தேனீப் பற்றாக்குறையைவிட அரிவாளே பெரிய காரணம் என்பது எங்கள் எண்ணம். நாட்டு மரத்தை வெட்டிவிட்டு சில்வர் ஓக் வைப்பது அடுத்தது. மிளகு ஏற்றுவதற்கு அது நேராக வளரும், சரி. பலா, அத்தி, நாவலின் சொரசொரத்த கவட்டில் சேரும் மட்கும் ஈரமும் அதில் சேராது.

பட்டா நிலத்தில் விழுந்த கிளையிலிருந்து செடியை மீட்கலாம். வேரைப் பிய்க்காமல் பட்டையோடு சீவி எடுக்க வேண்டும். எந்த வகை மரத்தில், எந்த உயரத்தில், எந்தத் திசையில் இருந்ததோ அதே மாதிரி இடத்தில், உயிருள்ள மரத்தில், தேங்காய் நார்க் கயிற்றால் கட்ட வேண்டும். நைலான் கயிறும் கம்பியும் வேண்டாம், மரம் பெருக்கும்போது இறுக்கும். நார்க்கயிறு மட்கி விழுவதற்குள் வேர் பிடித்திருக்கும். பாசியை மூட்டை போலத் திணிப்பவர்கள் உண்டு. தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகும். நேரம், முதல் மழைக்கு முன்னால் இந்த இரண்டு மூன்று வாரம். காட்டுக்குள் மட்டும் கை வைக்கக் கூடாது. 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துக்குள் விழுந்து கிடக்கும் செடியை எடுத்தாலும் குற்றம்தான்.

தேனீப்பெட்டி இந்த இடத்தில்தான் நிஜமாகவே உதவுகிறது. பொந்துள்ள கிழட்டு மரம் தோட்டக்காரருக்கு விறகுக் கணக்கு. அதே பொந்து வருஷா வருஷம் கூட்டம் தரும் என்றால் மரம் நிற்கும், மரம் நின்றால் அதன் தோளில் இருக்கும் ஆர்க்கிட்டும் நிற்கும். ஆனால் பெட்டிக்குக் கூட்டம் பிடிக்கிறேன் என்று பொந்தைக் கோடாரியால் பிளந்தால் பெட்டி வந்ததற்கு அர்த்தமே இல்லை. பிளக்காமல் பிடிக்க வழி உண்டு. பழைய மெழுகை உருக்கி உள்ளே தேய்த்த காலிப் பெட்டியை, கூட்டம் பிரியும் காலத்தில், பொந்து மரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ஆள் உயரத்தில் நிழலில் வைத்துவிட வேண்டும். பிரிந்த கூட்டம் தானே வரும், தாய்க்கூட்டம் பொந்திலேயே இருக்கும். ஐந்து பெட்டி வைத்தால் இரண்டில் வந்தாலே நல்ல வருஷம்.

வீட்டுச் சுவர், தண்ணீர்த் தொட்டி என்று எடுத்தே ஆகவேண்டிய கூடானால் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் தொடங்கலாம். லேசான புகை போதும், அதிகம் போட்டால் ராணி இடுக்கில் ஒளியும். புழு உள்ள அடையை மட்டும் சட்டத்தின் அளவுக்கு நறுக்கி, மேல் பாகம் மேலேயே இருக்கும்படி, வாழை நாரால் கட்ட வேண்டும். தேன் அடையைக் கட்டாதீர்கள். கனத்தில் அறுந்து விழும், ஒழுகி எறும்பை அழைக்கும். ராணி உள்ளே போனால் மற்றவை பின்னாலேயே போகும். வாசலில் ராணி வெளியேறாதபடி ராணித் தடுப்பை நான்கைந்து நாள் வைத்து, தேனீ மகரந்தம் சுமந்து வரத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும்.

பெருமாள்மலை தாண்டி செண்பகனூர். இயேசு சபையின் திரு இருதயக் கல்லூரி அருங்காட்சியகம் 1895-இல் தொடங்கியது. அதன் ஆர்க்கிட் தோட்டத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள். கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பாம்பையும் பறவையையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாமல் ஆர்க்கிட்டையும் பார்த்துவிட்டுப் போங்கள். இயேசு சபைக்கும் நம் தேனீப்பெட்டிக்கும் ஒரு உறவு உண்டு. 1911 முதல் 1917 வரை தென்னிந்திய கிராமத்தாருக்குத் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்தவர் பாதிரியார் நியூட்டன். பெட்டியின் பெயர் அவருடையது.

அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை 1991-92-இல் காலியாயின. தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தமிழ்நாட்டையும் கேரளத்தையும் துடைத்துவிட்டுப் போனது. அறிகுறி: மூடாத அறையில் புழு தலை தூக்கி, படகு முனைபோல நிமிர்ந்து செத்திருக்கும். இடுக்கியால் எடுத்தால் தண்ணீர்ப் பை. மருந்து கிடையாது. நோய் கண்ட கூட்டத்தின் அடையை இன்னொன்றுக்கு மாற்றக் கூடாது, ராணியைச் சில நாள் கூண்டில் அடைத்து முட்டையை நிறுத்தினால் சில கூட்டம் தப்பும். பெட்டியில் வரும் நோய் பொந்துக்கும் போகும், இனம் ஒன்றுதானே. ஆர்க்கிட்டுக்காகத் தேனீ வளர்ப்பதாகச் சொல்லிவிட்டு வெளிமாவட்டத்திலிருந்து நூறு பெட்டியை லாரியில் இறக்குவது இதனால்தான் ஆபத்து.

நான்காம் நாள்: வட்டக்கானல், பாம்பார் சோலை

மூடுபனி. தேனீ வெளியே வரவில்லை, வந்தாலும் இங்கே வேலை குறைவு.

சோலை மரங்களில் பல்போஃபில்லம் என்ற ஆர்க்கிட் நிறைய. பூ சின்னது, சிலவற்றில் லேசான கெட்ட வாடை. இவற்றுக்கு வருவது ஈ. கீழே புல்வெளி ஓரத்தில் மழைக்குப் பின் பூக்கும் ஹேபனேரியா ஆர்க்கிட் வகைகளில் பூவுக்குப் பின்னால் நீண்ட குழல் தொங்கும், தேன் அதன் அடியில். சிலவற்றின் குழல் விரல் நீளத்தையும் தாண்டும். தேனீயின் நாக்கு அதில் பாதிகூடப் போகாது. ராத்திரி வரும் அந்துப்பூச்சிக்கான பூ அது. பெட்டி நூறு வைத்தாலும் இந்த இரண்டு வகைக்கும் ஒரு காய்கூட அதிகம் பிடிக்காது. ஹேபனேரியாவுக்கு உதவ விரும்பும் விடுதிக்காரர் புல்வெளியைப் பார்த்த வெள்ளை விளக்கை ராத்திரி அணைத்தால் போதும்.

தேனீயால் பயன் எதிர்பார்க்கக் கூடிய ஆர்க்கிட் சீலோஜினி. பாறையிலும் மரத்திலும் ஒட்டி, மழையில் வெள்ளையாகப் பூக்கும். நேபாளத்தில் இதே பேரினத்தின் இரண்டு இனங்களுக்கு அடுக்குத் தேனீ மகரந்தம் கடத்துவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இங்கே உள்ள சீலோஜினி நெர்வோசாவின் பூ வாயும் அந்தத் தேனீ நுழையும் அளவுதான். கடத்துகிறதா என்பதை மழை இடைவெளியில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் நாள்: பூம்பாறை, கூக்கால்

பூம்பாறையில் படிக்கட்டு வயல்களில் வெள்ளைப்பூண்டு, கேரட், உருளை. மருந்தடிப்பு அதிகம். பெட்டி வைப்பதாக இருந்தால் பக்கத்துத் தோட்டக்காரரிடம் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கும் நாளுக்கு முந்தின இரவு வாசலை வலையால் மூடி, மேலே ஈரச் சாக்கு போட வேண்டும், மறுநாள் மாலை திறக்கலாம். இரண்டாவது பகல் மூடினால் உள்ளேயே புழுங்கிச் சாகும். பூஞ்சைக்கொல்லி தேனீயை உடனே கொல்லாது என்று சமாதானம் சொல்வார்கள். ஆனால் ஆர்க்கிட் விதையில் சேமிப்பு உணவு இல்லை, வேர்ப்பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். மருந்து நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்று பிரித்துப் பார்க்காது. போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லியை மரத்தண்டில் வழிய அடிக்கும் காபித் தோட்டத்துக்கும் இதுவே பொருந்தும்.

இந்த உயரத்தில் பெட்டிக்கு வாசலைப் பாதியாகச் சுருக்கி, மூடிக்கடியில் சாக்கு மடித்துப் போட வேண்டும். தேனில் ஈரம் கூடும். அடையில் முக்கால் பங்காவது மெழுகால் மூடிய பிறகே பிழிய வேண்டும், ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் ஜாடியில் புளிக்கும். தேன் அறையில் உள்ளதை மட்டும் எடுத்தால் நல்ல இடத்தில் வருஷத்துக்கு ஆறேழு கிலோ. அதற்கு மேல் கணக்குச் சொல்லி யாராவது பெட்டி விற்றால் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

கூக்கால் ஏரிக்கு மேலே சோலை தொடங்குகிறது. இங்கே எத்தனை பெட்டி? சோலை விளிம்பில் ஓரிடத்தில் ஐந்துக்கு மேல் வேண்டாம், அடுத்த ஐந்து பெட்டி குறைந்தது ஒரு கிலோமீட்டர் தள்ளி. காட்டுப் பொந்துத் தேனீக்கும், தச்சன் தேனீக்கும், கொசுத் தேனீக்கும் அதே பூதான் சோறு. தேன் எடுப்பதில் இந்த மலையின் பழங்குடிகளான பளியர்களுக்கு வன உரிமைச் சட்டம் 2006 தந்த உரிமையும் இருக்கிறது. பெட்டிக்காரர் போய் அவர்கள் எடுக்கும் மரத்தடியில் நிற்பது முறையில்லை.

பெட்டி வைக்கும் முன் ஒரு வருஷம் எண்ணிவிடுங்கள். இருபது செடிக்கு அலுமினியத் தகட்டில் எண் கட்டி, மூன்று கட்டம்: விரிந்த பூ எத்தனை, மூடி கழன்று உருண்டை போன பூ எத்தனை, ஒரு மாதம் கழித்துத் தடித்த காய் எத்தனை. உருண்டை நிறையப் போயும் காய் இல்லை என்றால் தேனீ வருகிறது, ஆனால் அடுத்த செடி தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அங்கே பெட்டியால் பயனில்லை, செடிதான் கூட வேண்டும். உருண்டையே போகவில்லை என்றால்தான் பெட்டிக்கு வேலை. அப்புறம் பெட்டி வைத்து, 300 மீட்டருக்குள் பத்துச் செடி, 2 கிலோமீட்டருக்கு அப்பால் பத்துச் செடி என்று மறுபடி எண்ண வேண்டும். குச்சியால் நாமே மகரந்தம் வைப்பது கடைசி வழி. வைத்தாலும் ஒரு கொத்துக்கு ஒரு காய், இரண்டு காய் போதும். எல்லாப் பூவையும் காயாக்கினால் அடுத்த வருஷம் செடி பூக்காமல் படுத்துவிடும்.

தாண்டிக்குடிப் பலா மரத்துக் கொத்தில் இரண்டாம் நாள் மாலை வரை விரிந்தது 31 பூ, உருண்டை போனது 9. காய் எண்ண ஜூன் முதல் வாரம்.